நம்பிக்கை உங்களுக்கு, பொறுப்பு பெரியண்ணனுக்கு

ஊரெல்லாம் ‘டிரஸ்ட்’ என்று சொல்வதற்கு இலங்கைச் சட்டத் தமிழில் ‘நம்பிக்கைப் பொறுப்பு’ என்று பெயர். இந்தச் சொல்லைக் கட்டியவர் கொழும்பில் ஏதோ ஒரு கந்தோரில்தான் இருந்திருப்பார். ஆனால் எங்கள் வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து எழுதிய மாதிரி அப்படிப் பொருந்துகிறது. சொல்லை நடுவில் வெட்டினால் இரண்டு துண்டு. நம்பிக்கை என்ற துண்டைத் தம்பி தங்கச்சிமாருக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட வேண்டும். பொறுப்பு என்ற துண்டைச் சாவிக்கொத்தோடு சேர்த்து மூத்தவர் இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். எங்கள் குடும்பத்தில் 1971 முதல் இப்படித்தான் நடந்து வருகிறது.

ஆகவே ஆலோசனை சொல்ல எனக்குத் தகுதி உண்டு. தாத்தா லுணுகலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பிபிலைக்குப் போகிற ரோட்டுக்குக் கீழே ரெண்டு ஏக்கர் காணியும், பஜாரில் ஒற்றை அறைக் கடை ஒன்றும் வாங்கினார். காணியில் மிளகு, பாக்கு, நாலு பலாமரம். கடை வாடகைக்கு. பிள்ளைகள் ஐந்து பேர். “பிரிச்சுக் குடுத்தா ஆளுக்கு ஒரு பாத்திதான் மிஞ்சும்” என்று நொத்தாரிசிடம் போய், சொத்தை மூத்த மகன் பெயரில் எழுதி, அவர் அதை ஐவருக்காகவும் வைத்துப் பார்க்க வேண்டும், வருமானத்தைச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று உறுதி முடித்தார். அந்த மூத்த மகன் எனக்குப் பெரியப்பா. நான் இரண்டாவது மகனுடைய பிள்ளை, அதாவது பிறவிப் பயனாளி.

சிங்களத்தில் லுணு என்றால் உப்பு, கல என்றால் கல். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. ஊர்ப் பெயரிலேயே உப்பு இருப்பதால் தனியாக நினைக்கத் தேவையில்லை என்று எங்கள் ஆட்கள் விட்டுவிட்டார்கள்.

பொறுப்பாளராகிவிட்டவருக்கு

முதல் வேலை, உறுதியை ஒளித்து வைப்பது. அதற்குப் பிஸ்கட் டின்னை விட்டால் நல்ல இடம் இல்லை. பெரியப்பா வீட்டில் அது மலிபன் டின். அலுமாரிக்கு மேலே, பழைய குடைக்கும் தீபாவளிக்கு மட்டும் எடுக்கிற பித்தளைத் தாம்பாளத்துக்கும் நடுவில் இருந்தது. சின்ன வயதில் நாங்கள் அதில் பிஸ்கட்தான் இருக்கிறது என்று நம்பினோம். பெரியவர்களான பிறகு உறுதி இருக்கிறது என்று நம்பினோம். இரண்டு காலத்திலும் டின்னைத் திறந்து யாரும் காட்டவில்லை.

காட்டினாலும் பயம் வேண்டாம். அந்தக் காலத்து உறுதி ஆங்கிலத்தில், நீளத் தாளில், இரண்டு முழம் நீளமுள்ள வாக்கியங்களில் டைப் அடித்திருக்கும். கடைசியில் நொத்தாரிசு அத்தாட்சி எழுதுவார்: இன்னாருக்கு இன்ன உறுதி என்னால் முறையாக வாசித்து விளக்கப்பட்டது என்று. 1971இல் அந்த விளக்கம் யார் காதில் விழுந்தது என்பது எங்கள் குடும்பத்தில் பெரிய ஆராய்ச்சி. தாத்தாவுக்குக் காது மந்தம். அப்பா வாசலில் நின்று பீடி குடித்தாராம். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் அதே தெருவில் தையல் கடைக்காரர்கள், பாதியில் விட்ட கால்சட்டை ஞாபகமாகவே இருந்திருப்பார்கள். மீதிப் பேரைக் கழித்துப் பார்த்தால் பெரியப்பா ஒருவர்தான் கேட்டிருக்க வேண்டும்.

யாராவது படித்த பையன் வந்து, 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஆரம்பித்தால், அவனை உட்கார வைத்து ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொடுங்கள். அந்தச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது, ஆனால் இன்றைக்கும் நடப்பில் உள்ளது. பயன் பெறுகிறவர் உறுதியைப் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம் என்கிறது. கணக்கைத் தெளிவாக எழுதி, கேட்கும்போது காட்ட வேண்டும் என்கிறது. சொந்தச் சொத்தைக் கவனிக்கிற ஒரு புத்தியுள்ள ஆள் எப்படிக் கவனிப்பாரோ அப்படிக் கவனிக்க வேண்டும் என்கிறது. இந்தக் கடைசி விதியைப் பெரியப்பா நூற்றுக்கு நூறு கடைப்பிடித்தார். சொந்தச் சொத்தாகவே கவனித்தார்.

அடுத்தது காசு. ஒரு லாச்சிதான் வைக்க வேண்டும். கடை வாடகை, மிளகுக் காசு, உங்கள் சொந்தச் சில்லறை வியாபாரம், மகள் அனுப்பும் பணம், எல்லாம் அதே லாச்சிக்குள். சட்டம் தனித்தனியாக வைக்கச் சொல்கிறது. ஆனால் சீனியும் தேயிலைத் தூளும் கலந்தபிறகு எது யாருடையது என்று எந்த நீதிபதியால் பிரித்தெடுக்க முடியும்? கலப்பதில் இன்னொரு நன்மை, உங்களுக்கே தெரியாமல் போய்விடும். தெரியாமல் எடுத்த காசுக்கு மனச்சாட்சி உறுத்தாது.

சம்பளம் கேட்காதீர்கள். உறுதியில் எழுதியிருந்தால் ஒழிய பொறுப்பாளருக்குக் கூலி கிடையாது என்பது சட்டம். செலவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இந்தச் ‘செலவு’ என்ற சொல் எவ்வளவு பெரிய வீடு என்று உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பசறை வழியாகப் பதுளைக்குப் பஸ் ஏறி, காணிப் பதிவகத்தில் ஒரு நாள் நின்று, வெயில் தாங்காமல் ஒரு சோடா குடித்து, வந்த வழியில் மகனுக்குச் சப்பாத்து வாங்கினால், அது முழுவதும் காணி விஷயமாகப் போய்வந்த செலவு.

மிளகுதான் கொஞ்சம் சிக்கலான பாடம், நிதானமாகச் சொல்கிறேன். பச்சை மிளகு மூன்று கிலோ காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் தேறும். இந்த ஒரு விவரத்தை வைத்துக்கொண்டு ஒரு பரம்பரையையே ஓட்டலாம். ஒரு வருஷம் சின்னத்தை, அதாவது லுணுகலையிலேயே இருந்த அத்தை, மிளகு பறித்த அன்றைக்கு வந்துவிட்டார். முருக்க மரத்தடியில் சாக்கைப் பிடித்துக்கொடுத்தார், எண்ணினார், ஆறு சாக்கு. இரண்டு வாரம் கழித்துப் பெரியப்பா விற்ற காசைப் பிரித்தபோது இரண்டு சாக்குக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது.

“அண்ணே, நான் ஆறு மூடையில்ல பார்த்தேன்?”

“பச்சையில பார்த்திருப்ப.”

“அதுக்காக நாலு மூடையா காத்துல போச்சு?”

“வெயில்ல போச்சும்மா.”

பெரியப்பா சொன்னது பொய்யில்லை என்பதுதான் இந்தப் பாடத்தின் அழகு. அத்தையும் பொய் சொல்லவில்லை. அவர் பச்சையில் கணக்குப் பார்த்தார், இவர் காய்ந்ததில் கணக்குச் சொன்னார். காய்கிற பாயை இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை பார்த்திருந்தால், நடுவில் தராசை வைத்து நிறுத்திருந்தால், சண்டையே இல்லை. ஆனால் பாய் விரித்தது பெரியப்பா வீட்டு முற்றத்தில். அங்கே போய் நின்றால் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும் என்று அத்தை போகவில்லை, வந்து பார் என்று சொன்னால் சந்தேகத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பெரியப்பா கூப்பிடவில்லை. அந்த வருஷத் தீபாவளிக்கு இரண்டு வீட்டுப் பலகாரமும் அந்தந்த வீட்டிலேயே தின்று முடிந்தது.

கணக்கு எழுதாதீர்கள். யாராவது கேட்டுவிட்டால் நேராகப் பதில் சொல்லக் கூடாது. “என்னையச் சந்தேகப்படுறியாடா?” என்று ஆரம்பித்து, குரலை இரண்டு படி இறக்கி, “உங்க அப்பன் பதுளை ஆஸ்பத்திரில கெடந்தப்ப யாரு பார்த்தா?” என்று முடிக்க வேண்டும். நம் குடும்பங்களில் பொறுப்பாளரிடம் இரண்டு பேரேடு உண்டு. காசுப் பேரேடு எழுதப்படாதது. நன்றிப் பேரேடு மனப்பாடமானது. யாருக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்து, யார் கல்யாணத்துக்கு அரிசி மூடை, எவனுக்குக் கொழும்பில் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம், எல்லாம் தேதிவாரியாக, வட்டியோடு. நீங்கள் முதல் பேரேட்டைக் கேட்டால் அவர் இரண்டாவதைத் திறப்பார். அதில் எப்போதும் நீங்கள்தான் கடனாளி.

பத்து வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டால் சொத்து நமக்கே வந்துவிடும் என்று டீக்கடையில் ஒருவர் சொல்லியிருப்பார். 1871ஆம் ஆண்டின் காலவரைக் கட்டளைச் சட்டத்தைத்தான் அவர் சொல்கிறார், அது யாரோ அன்னியர் காணியில் பத்து வருஷம் தன் காணி மாதிரி இருந்தவருக்கு. பிறருக்காக வைத்திருக்கிறேன் என்று ஏற்றுக்கொண்ட பொறுப்பாளர் பத்தல்ல, ஐம்பது வருஷம் இருந்தாலும், இது எனக்கே என்று சொல்ல முடியாது. இதை யாரிடமும் சொல்லாதீர்கள். லுணுகலையில் பாதிக் குடும்பங்களின் மன நிம்மதி இந்தப் பத்து வருஷத்தில்தான் நிற்கிறது.

பயனாளிகளுக்கு

உங்களுக்கு வேலை குறைவு. முப்பது வருஷம் ஒன்றும் கேட்காமல் இருக்க வேண்டும். முப்பத்தோராவது வருஷம், கருமாதி வீட்டில், பந்தி நடக்கும்போது, சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் கேட்க வேண்டும். அதுவும் நேராக அல்ல, அம்மாவிடம் சொல்லி, அம்மா சின்னம்மாவிடம் சொல்லி, சின்னம்மா பெரியம்மாவின் காதில் போட்டு. கடைசியில் பெரியப்பாவிடம் போய்ச் சேரும்போது அது கேள்வியாக இருக்காது, சாபமாக இருக்கும்.

எழுத்தில் ஒன்றும் வைக்காதீர்கள். ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் போட்டு, ரசீதை வைத்துக்கொள்வது அன்னியர் செய்கிற வேலை. அண்ணன் தம்பிக்குள் என்ன ரசீது? அதே சமயம் அண்ணன் வெள்ளைத் தாளை நீட்டினால் உடனே கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். “சும்மா, பிரதேச செயலகத்துல கேக்குறானுங்க” என்பார். டோஹாவில் இருக்கும் மகன் என்றால் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பச் சொல்வார். விற்கவும், குத்தகைக்கு விடவும், எனக்காக எதையும் செய்யவும் என்று அதில் இருக்கும் வரியைப் படித்தால் தூக்கம் போய்விடும். படிக்காதீர்கள்.

பதுளைக் காணிப் பதிவகத்துக்குப் போய் உங்கள் காணியின் பதிவுப் பக்கத்தைத் தேடிப் பார்க்கவும் வேண்டாம். பார்த்தால், ஈடு வைத்திருப்பது, குத்தகைக்கு விட்டிருப்பது எல்லாம் தெரிந்துவிடும். ஒரு நாள் பஸ் செலவில் முப்பது வருஷ நம்பிக்கை போய்விடும், அவ்வளவு மலிவாகவா விற்பது?

உறுதியில் டிரஸ்ட் என்றே இல்லை, வெறுமனே அண்ணன் பெயருக்கு எழுதியிருக்கிறது, “வச்சிருந்து எல்லாருக்கும் குடுப்பா” என்று அப்பா வாய்ச்சொல்லாகச் சொன்னதுதான் என்றால், உடனே தோற்றுவிட்டதாக முடிவு கட்டி உட்கார்ந்துவிட வேண்டும். அண்ணனும் அப்படித்தான் சொல்வார்: “உறுதில இருக்கா? காட்டு.” அவருக்குச் சாதகமாக ஒரு சட்டமும் இருக்கிறது. மோசடிகளைத் தடுப்பதற்காக 1840இல் வந்த 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி கைமாறினால் நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேண்டும் என்கிறது. வாய்ச்சொல் செல்லாது.

இங்கே ஒரு ஆச்சியின் கதை குறுக்கே வருகிறது. அப்துல் மஜீத் என்பவர் கடன் தொல்லையில் தன் காணிகளை ஒரு செட்டியார் பெயருக்கு எழுதிக்கொடுத்தார். வருமானத்தில் கடனை அடைத்துவிட்டுச் செட்டியார் திருப்பி எழுதித்தர வேண்டும் என்பது வாய்ப்பேச்சு. உறுதியில் அது இல்லை. செட்டியார் இறந்துபோனார். சொத்தை நிர்வகிக்க வந்த மனைவி வள்ளியம்மை ஆச்சி, உறுதியில் இல்லாததை நான் எப்படிக் கொடுப்பேன் என்றார். வழக்கு கொழும்பைத் தாண்டி லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1947இல் முடிந்தது. மோசடியைத் தடுக்க வந்த சட்டத்தையே மோசடிக்குக் கருவியாக்க விட முடியாது, வாய்ச்சொல்லைச் சாட்சி வைத்து நிரூபிக்கலாம் என்று தீர்ந்தது. ஆச்சி தோற்றார். இன்றைக்கும் இலங்கைச் சட்ட மாணவர்கள் ஆச்சியின் பெயரைச் சொல்லித்தான் நம்பிக்கைப் பொறுப்பைப் படிக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது இத்தனை பேர் ஆச்சி பெயரைச் சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம்.

1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் 83ஆம் பிரிவும் கிட்டத்தட்ட அதே பாதையில் போகிறது. எழுதிக்கொடுத்தவர் பயனையும் சேர்த்துக் கொடுக்க நினைக்கவில்லை என்று சூழ்நிலை காட்டினால், வாங்கியவர் பொறுப்பாளர்தான். எழுதிக்கொடுத்த பிறகும் காணியில் இருந்தது யார், நொத்தாரிசுக்குச் செலவு கொடுத்தது யார், விலை பெறுமதிக்குப் பக்கத்திலாவது வந்ததா என்றெல்லாம் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. ஆகவே பழைய ரசீதுகளை அடுப்பில் போடுங்கள். அம்மா அதைத்தான் செய்தார், மழைக்காலத்தில் விறகு ஈரம்.

கோயில் என்று வந்தால்

தோட்டக் கோயில்களில் இதே நாடகம் பெரிய மேடையில் நடக்கும். அந்தக் காலத்தில் பெரிய கங்காணி கோயிலைக் கட்டினார். ஆட்களின் சம்பளத்தில் செக்ரோலில் சந்தா பிடித்துத்தான் கட்டினார் என்றாலும், கல்வெட்டில் கங்காணி பெயர் மட்டும் இருக்கிறது. பேரன் கொழும்பில் இருந்து தேருக்கு வந்து தருமகர்த்தா என்று முதல் மாலை வாங்கிக்கொள்கிறார். உண்டியல் சாவி யாரிடம் என்பது மூன்று டிவிசனும் சேர்ந்து பேசுகிற விஷயம்.

இதற்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது, 102ஆம் பிரிவு. கோயிலில் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்து வழக்குப் போடலாம், கணக்குக் கேட்கலாம், பொறுப்பாளரை மாற்றச் சொல்லலாம். அதற்கு முன் அரசாங்க அதிபரிடம் மனுக் கொடுத்து, இது வழக்குக்குரிய விஷயம்தான் என்று சான்றிதழ் வாங்கிச் சேர்க்க வேண்டும். ஐந்து பேர்தானே என்று நினைக்காதீர்கள். பெரட்டுக் களத்தில் ஐம்பது பேர் கத்துவார்கள். கையெழுத்து என்றதும் ஒருவருக்கு மருமகன் தருமகர்த்தாவின் கடையில் வேலை, ஒருவர் வேறு சங்கம், ஒருவர் மாலை போட்டிருக்கிறார், சண்டைக்கு வரக் கூடாது. நான்கு பேர் தேறுவார்கள். ஐந்தாவது ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே போய் தருமகர்த்தாவிடம் சொல்லிவிட்டு வருவார்.

சென்னைக்காரர்களுக்கும் இதில் முன்னோடி உண்டு. பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தபோது கோயில் தருமங்களுக்குப் பெரும் சொத்தை எழுதிவைத்தார். வாரிசுகளும் நிர்வாகிகளும் அதில் கைவைத்து, பல பத்தாண்டுகள் கோர்ட்டில் இழுத்து, மிஞ்சிய பணத்தில்தான் 1842இல் பள்ளிக்கூடம் திறந்தது. நாற்பத்தெட்டு வருஷம். எங்கள் காணியும் அதே வேகத்தில்தான் போனது, பள்ளிக்கூடம்தான் இன்னும் வரவில்லை.

பெரியப்பாவை மட்டும் சொல்லிக் குற்றமில்லை

மலைநாட்டில் நம் ஆட்களில் சொந்தக் காணி உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான். லயத்துக் காம்பராவில் இருப்பவருக்கு நம்பிக்கைப் பொறுப்பா என்று கேட்கலாம். கொழுந்தெடுக்கும் ஒவ்வொரு பெண்ணும் பிறந்த வீட்டை விடப் பெரிய டிரஸ்ட் இரண்டுக்குப் பயனாளி. ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அதற்கு அவர் சம்பளத்தில் 8 வீதம், கம்பெனி 12 வீதம். அடுத்தது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம், 1980ஆம் ஆண்டுச் சட்டம், கம்பெனி 3 வீதம். பெயரிலேயே அந்தச் சொல் இருப்பதால் பயபக்தியோடு உச்சரிக்க வேண்டும்.

சேமலாப நிதியின் காசு மத்திய வங்கியின் கையில் இருக்கிறது. நாடு கடனில் மூழ்கியபிறகு, 2023 ஜூலை 1ஆம் திகதி, சனிக்கிழமை, பாராளுமன்றம் கூடி உள்நாட்டுக் கடன் சீரமைப்புக்குக் கை தூக்கியது. நிதியம் வைத்திருந்த அரசாங்கக் கடன் முறிகளைக் கொடுத்துவிட்டு, நீண்ட காலத்துக்கு, குறைந்த வட்டிக்கு வேறு முறிகளை வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தால் வருமானத்துக்கு 14 வீதமாக இருந்த வரி 30 வீதமாகும். நிதியம் மாற்றிக்கொண்டது. அந்தக் காசின் சொந்தக்காரர்கள் அன்றைக்கு ஹொப்டனிலும் அடாவத்தையிலும் கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு வரிசையில் நின்றிருப்பார்கள். அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பெரியப்பாவாவது, கேட்டால் கோபப்படுவார். கோபப்படுவதற்கும் ஒரு உறவு வேண்டியிருக்கிறது.

இதிலும் செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு, ஆனால் செய்யாதீர்கள். நீங்கள் செத்தால் காசு யாருக்கு என்று நிதியத்தில் பின்னுரித்தாளர் பெயரைப் பதிந்து வைக்கலாம். பதியாமல் செத்தால், புருஷன் வீட்டாரும் பிள்ளைகளும் பிறப்புச் சான்றிதழையும் கல்யாணச் சான்றிதழையும் தூக்கிக்கொண்டு அலைவார்கள். தோட்டத்தில் பிறந்து, பெரிய பொண்ணு, சின்னப் பொண்ணு என்று செக்ரோலில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயருமாக வாழ்ந்த நம் ஆட்களுக்கு, இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்கிற அந்த வேலை ஒரு தலைமுறைக்குப் பொழுதுபோக்கு.

டின் திறந்த நாள்

பெரியப்பா 2019இல் இறந்தார். பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் பெரியம்மாவே ஸ்டூல் போட்டு ஏறி டின்னை இறக்கினார். அதற்குள் பெரியப்பா மகன் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருந்தான். பொறுப்பாளர் பதவி கைக்கடிகாரம் மாதிரி அப்பாவிடமிருந்து மகனுக்கு வராது, உறுதியில் சொன்னபடியோ கோர்ட் மூலமாகவோதான் புதிய ஆள் வர வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். பந்தியில் ரசம் வந்துவிட்டது.

டின்னில் உறுதி இருந்தது. அதற்குக் கீழே மூன்று சீ.ஆர். கொப்பி. அட்டை கரப்பான் அரித்து, உள்ளே தாத்தாவின் பிள்ளை என்று சொல்லவைக்கும் கணக்கப்பிள்ளைக் கையெழுத்து, ஒரு கோடு விடாமல். கடை வாடகை, மாதவாரியாக. பாக்கு, எண்ணிக்கையோடு. மிளகு: ஒரு நிரலில் பச்சை எடை, பக்கத்து நிரலில் காய்ந்த எடை, வருஷா வருஷம். சின்னத்தை அந்த ஆறு மூடை வருஷத்தைத் தேடி எடுத்தார். ஆறு என்று எழுதியிருந்தது. பக்கத்தில் காய்ந்த எடை. அத்தை கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இதக் காட்டியிருந்தா என்னா கொறஞ்சிருப்பாரு?” என்றார், யாரையும் பார்க்காமல்.

கணக்கு எழுதாதீர்கள் என்று மேலே சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். எழுதுங்கள். ஐம்பது வருஷம் எழுதுங்கள். காட்டாதீர்கள்.

கடைசிக் கொப்பியின் நடுவில் வேறு ஒரு தலைப்பு இருந்தது: கூடலூர். 1964 அக்டோபர் 30இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எண் போட்டார்களே, அதில் எங்கள் பெரியத்தையும் ஒருவர். 1973இல் பதுளையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்துக் கூடையைத் தூக்கினார். போகும்போது, “என் பங்க வச்சிருண்ணே, கேக்கும்போது குடு” என்றாராம். கேட்கவே இல்லை. கேட்காததற்கு எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாக ஒரே விளக்கம்: அங்கே நல்லா இருக்கிறார். அங்கே அவர் வீட்டில் இருந்த விளக்கம் என்னவென்று நாங்கள் யோசித்ததில்லை.

‘கூடலூர் தங்கச்சிக்கு, ஆள் மூலம், ரூ. 300.’ 1976இல் ஒன்று. 1977இல் ஒன்று. அப்படி 1983 வரைக்கும் ஏழு வரி. ஒரு வருஷம் 450.

வாட்ஸப்பில் அத்தையைக் கூப்பிட்டோம். எண்பதைத் தாண்டிவிட்டார். பேத்தி போனைப் பிடித்திருந்தாள். கொப்பியைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி, இறக்கி, பேத்தியைப் பெரிதாக்கச் சொல்லி, வாசித்தார்.

“மூத்தண்ணன் எழுத்துதான்” என்றார். “எனக்கு ஒத்த ரூவா வரல சாமி. எந்த ஆளு?”

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். பெரியம்மா சின்னத்தையைப் பார்த்தார். ஆளின் பெயர் ஏழு வரியிலும் இல்லை.

“அவருக்குத்தான் தெரியும்” என்றார் பெரியம்மா.

போனில் கொஞ்ச நேரம் கூடலூர்ப் பக்கத்து மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அத்தை சொன்னார்: “அந்தப் பக்கத்த மட்டும் போட்டோ புடிச்சு அனுப்புடா. தெளிவா புடி.”

கொப்பியை இஸ்தோப்புக்குக் கொண்டுபோய், வெளிச்சத்தில் வைத்து, மடங்கின ஓரத்தை விரலால் நீவிப் பிடித்து, எடுத்து அனுப்பினேன்.